பரவாயில்லைக்கு நான்கு மதிப்பெண்

கடிதம் வந்த நேரத்தில் லிஃப்ட் மெக்கானிக் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கீழே காவலாளி கதவிடுக்கில் வாயை வைத்து, "சார், உங்களுக்கு வாரியத்துலேர்ந்து லெட்டர்" என்று கத்தினார். முப்பது வருடமாக அந்தரத்தில் நின்று வேலை பார்த்தவர் மெக்கானிக். ஒரு நாளும் தலை சுற்றியதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

வாரியம் என்றால் உணவக உபசரிப்புத் தர வாரியம். கடிதம் மிகவும் மரியாதையாக இருந்தது. "கடந்த ஒன்பது மாதங்களில் தாங்கள் அறுநூற்றுப் பதினொரு முறை கரிசனம் காட்ட நேரிட்டிருக்கிறது. தாங்கள் பட்ட துன்பத்துக்கு வாரியம் வருந்துகிறது. இதற்குக் காரணமான மூன்றாவது வரிசை சர்வர்மீது நடவடிக்கை எடுக்க வசதியாக, பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் திங்கட்கிழமை காலை நேரில் வரவும்."

மெக்கானிக் கடிதத்தை மூன்று முறை படித்தார். தான் பாதிக்கப்பட்டிருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

வாரியம் எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. அவ்வளவு ஒன்றும் கடினம் இல்லை. ஒவ்வொரு ஹோட்டலிலும் மேசைகள் வரிசை வரிசையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வரிசைக்கு ஒரு சர்வர். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு சர்வருக்கும் வாரியம் ஆயிரம் மதிப்பெண் கொடுக்கும். அதன்பிறகு கொடுக்காது, எடுக்க மட்டும்தான் செய்யும். நூறைத் தொட்டால் வேலை போய்விடும். அது மட்டுமில்லை, சர்வரின் அட்டையில் ஒரு சிவப்புக் கோடு விழும். சிவப்புக் கோடு விழுந்த அட்டையை வேறு எந்த ஹோட்டலும் கையால் தொடாது.

எதற்காக எடுப்பார்கள் என்பதில்தான் வாரியத்தின் அறிவு இருக்கிறது. ஆரம்பத்தில் புகார்களை வைத்துத்தான் எடுத்தார்கள். ஆனால் வாடிக்கையாளர்கள் புகார் எழுதச் சோம்பல்பட்டார்கள். மூன்று வருடம் ஒரு குழு உட்கார்ந்து யோசித்தது. முழுமையான உபசரிப்பு என்றால் என்ன? வாடிக்கையாளர் கரிசனம் காட்டுவதற்கு இடமே இல்லாத உபசரிப்பு. அப்படியானால், வாடிக்கையாளர் எங்கே கரிசனம் காட்டுகிறாரோ அங்கே ஒரு குறை இருந்தாக வேண்டும். அவர் "மெதுவா வாங்க, அவசரம் இல்ல" என்று சொன்னால் தாமதம் நடந்ததற்கு அவரே சாட்சி. ஒரு மதிப்பெண் போயிற்று. சாப்பிட்ட தட்டுகளை அவரே அடுக்கி வைத்தால், காசு கொடுத்துச் சாப்பிட வந்தவரை வேலை வாங்கியதாக ஆகிறது, இரண்டு. கீழே விழுந்த கரண்டியை அவரே குனிந்து எடுத்தால் மூன்று. நன்றி சொன்னால் அரை மதிப்பெண், ஏனென்றால் வழக்கமாகக் கிடைக்காத ஒன்று அன்றைக்குக் கிடைத்ததால்தானே நன்றி வருகிறது. எல்லாவற்றிலும் பெரியது "பரவாயில்லை." அதற்கு நான்கு. தப்பு நடக்காமல் யாரும் பரவாயில்லை என்று சொல்வதில்லை. ஆகவே அந்தச் சொல் வாடிக்கையாளரே கையெழுத்துப் போட்ட குற்றப்பத்திரிகைக்குச் சமம் என்று விதிப்புத்தகம் சொல்கிறது.

இதையெல்லாம் குறித்துக்கொள்ளப் பார்வையாளர்கள் உண்டு. சாதாரண ஆட்களைப் போலவே வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு ஹோட்டல், ஆறு சாப்பாடு. வேலையில் சேரும்போது ஈர்க்குச்சியாக இருப்பவர்கள் இரண்டே வருடத்தில் நாற்காலி கொள்ளாமல் போவார்கள். அதனால் உடம்பு பெருத்த யாராவது தனியாக உட்கார்ந்து மென்று மென்று சாப்பிட்டால் சர்வர்களுக்குக் கை உதறும். பாவம், வாரியத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாத பருமனான மனிதர்கள் பலர், எந்த ஹோட்டலுக்குப் போனாலும் தங்களுக்கு மட்டும் ஏன் முதலில் சாப்பாடு வருகிறது என்று புரியாமலே சந்தோஷமாக இருந்தார்கள்.

இப்போது மெக்கானிக்கின் விஷயத்துக்கு வரலாம். அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்கு எதிரே இருந்தது அந்த ஹோட்டல். தினமும் மதியம் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டிய மேசையில் உட்காருவார். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்ட சர்வரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். எப்போதும் இடுப்பில் ஒரு கை இருக்கும், முகத்தில் ஏதோ ஒரு கவலை இருக்கும். அந்தக் கவலையைப் பார்த்துத்தான் மெக்கானிக் அந்த வரிசைக்கே மாறினார். நம்மால் முடிந்தது, இந்தம்மாவின் பாரத்தைக் கொஞ்சம் குறைப்போம் என்று நினைத்தார். தட்டுகளை அடுக்கினார். டம்ளருக்குள் டம்ளரைப் போட்டார். சிந்தியதைத் தானே துடைத்தார். சாப்பாடு மாறி வந்தால் "பரவாயில்லைம்மா" என்று வந்ததைச் சாப்பிட்டார். சமையலறையில் அவருக்குப் 'பரவாயில்லைக்காரர்' என்றே பெயர். அவர் கரிசனம் காட்டக் காட்ட சர்வரம்மாவின் கவலை கூடிக்கொண்டே போனது. கவலை கூடக் கூட அவர் கரிசனத்தைக் கூட்டினார்.

லிஃப்டின் மறுமுனையில் ஓர் எடைக்கட்டி தொங்கும் என்பது பலருக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் இருப்பதால் கண்ணில் படாது. பெட்டி ஒரு மாடி ஏறினால் அது ஒரு மாடி இறங்கும். பெட்டிக்குள் நிற்கிறவருக்கு, தான் ஏறுவது மட்டும்தான் தெரியும். இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்த மெக்கானிக்குக்கே, கடிதம் வரும்வரை சுவருக்குப் பின்னால் என்ன இறங்கிக்கொண்டிருந்தது என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாரிய அலுவலகத்துக்குப் போனார். வாசலில் கதவு திறப்பதற்கென்று ஓர் ஆள் நின்றிருந்தார். கையில் குடையும் பையும் வைத்திருந்த ஒரு பெண் பின்னால் வருவதைப் பார்த்து, மெக்கானிக் பழக்கதோஷத்தில் கதவைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். கதவுக்காரரின் முகம் செத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெக்கானிக்கின் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து பிரித்து எடுத்தார். இந்த அலுவலகத்துக்கும் அதே விதிதானாம்.

உள்ளே பியூன் டீ கொண்டுவந்தார். மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"சொல்லாதீங்க சார்," என்றார் பியூன் உதடு அசையாமல். "எனக்கு ரெண்டு பொண்ணு."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்தார். நன்றி சொல்லாமல் குடித்த டீ நெஞ்சிலேயே நின்றது.

அதிகாரி நல்ல மனிதர். எழுந்து வந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். அறுநூற்றுப் பதினொரு முறை என்பதை மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் குரல் தழுதழுத்தது. அடுத்தபடியாக இருப்பவருக்கே தொண்ணூற்றிரண்டுதானாம். சர்வரம்மாவிடம் மிச்சம் இருப்பது நூற்று மூன்று மதிப்பெண். மெக்கானிக் வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த மூன்றையும் நீக்கிவிட்டு, அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

அந்தம்மாமேல் எந்தக் குறையும் இல்லை, இதெல்லாம் என் சுபாவம் என்று மெக்கானிக் சொல்லிப்பார்த்தார். அதிகாரி படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார். சுபாவம் என்று ஒரு கட்டம் அதில் இல்லை.

"நாங்க யாரையும் தண்டிக்கிறதில்ல சார்," என்றார் அதிகாரி. "கழிக்கிறோம், அவ்வளவுதான். கரிசனம்ங்கிறது ஒரு கசிவு. சொட்டுச் சொட்டா வெளியில வருதுன்னா பைப்பு சரியில்லன்னுதானே அர்த்தம்? என்னையே எடுத்துக்கங்க. இருபது வருஷமா தினம் ஹோட்டல்லதான் சாப்பிடறேன். ஒரு சர்வரோட முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கணுமே? இல்ல. அவ்வளவு தரமா உபசரிச்சிருக்காங்க."

சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு பெருமிதம் இருந்தது. வேறு வழியே கிடையாதா என்று மெக்கானிக் கேட்டார்.

ஒன்று இருந்தது. இருபத்தேழாம் விதி: மறுபரிசோதனைச் சாப்பாடு. அதே வாடிக்கையாளர், அதே சர்வர், அதே மேசை. மூன்று பார்வையாளர்கள் சுற்றி உட்காருவார்கள். முதல் கவளத்திலிருந்து கை கழுவும்வரை வாடிக்கையாளரிடமிருந்து ஒரு துளி கரிசனமும் கசியாவிட்டால், உபசரிப்பு முழுமையானது என்று தீர்ப்பாகிக் கழித்ததெல்லாம் திரும்ப வந்துவிடும். ஒரு துளி கசிந்தாலும் சர்வர் அதே இடத்தில் ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, பாதிக்கப்பட்டவரின் கையிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வாரியத்தின் சார்பில் அது அவருக்கு நினைவுப்பரிசு. இதுவரை எத்தனை பேர் தேறியிருக்கிறார்கள் என்று மெக்கானிக் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே, நினைவுப்பரிசுகளை ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி பயன்படுத்துகிறார்கள், சிலர் சைக்கிள் துடைக்கிறார்கள் என்றார்.

புதன்கிழமை மதியம் ஒரு மணி என்று குறித்துக் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேராகப் போனபோது, ஹோட்டலின் பின்வாசலில், குப்பைத்தொட்டிகளுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின்மேல் சர்வரம்மா உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து, தெருவின் இரண்டு பக்கமும் யாராவது பருமனாக வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மெக்கானிக் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். சர்வரம்மா கையை உயர்த்தி நிறுத்தினார். மன்னிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று தனக்கே தெரியாது, அதனால் வேண்டாம் என்றார்.

மதிப்பெண் போவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியுமாம். அப்படியானால் முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று மெக்கானிக் கேட்டார். வாடிக்கையாளரிடம் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினாலே ஐம்பது போய்விடும் என்றார். அதுவுமில்லாமல், நல்லது செய்கிற மனிதரிடம் போய் நல்லது செய்யாதே என்று எந்த வாயால் சொல்வது?

"இன்னொண்ணும் சொல்லிடறேண்ணா, இனிமே சொல்ல முடியுமோ என்னமோ," என்றார். "டம்ளருக்குள்ள டம்ளரைப் போடுவீங்க பாருங்க, அது மாட்டிக்கும். தினம் உள்ள போயி சுடுதண்ணி ஊத்தி, திருகி, இழுத்து எடுப்பேன். தட்டை அடுக்குவீங்க, அடித்தட்டு முதுகெல்லாம் எண்ணெயாயிடும். ரெண்டு பக்கமும் தேய்க்கணும்னு கழுவுற அம்மா என்னைத்தான் திட்டும். நீங்க போனதும் உங்க மேசைக்கு மட்டும் எனக்கு டபுள் வேலை."

மெக்கானிக்குக் காது மடல் சுட்டது. முப்பது வருடமாக ஒரு நட்டைக்கூடத் தப்பாகத் திருகாதவர் அவர்.

"புதன்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னை ஆளா மதிக்காதீங்க," என்றார் சர்வரம்மா. "உங்களால முடியும்ணா."

முடியாது என்பது மெக்கானிக்குக்கு நன்றாகத் தெரிந்தது. அன்று மதியம் அடுத்த தெருவில் ஒரு கடையில் ஒத்திகை பார்த்தார். டீயை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பத்தடி நடந்தவர், பதினோராவது அடியில் ஓடிப்போய் நன்றி சொல்லிவிட்டார். அதுவும் இரண்டு முறை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் மனைவி ஒரு துணிக்கடையில் விற்பனையாளர். காலை ஒன்பதிலிருந்து ஆறு மணிவரை நின்றபடி, ஜனங்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் துணிகளை மடித்து வைப்பது அவர் வேலை. ஆறரைக்கு வீட்டுக்கு வந்தால் அடுப்பு. அன்றைக்கு வரும் வழியில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு வாங்கி வரச் சொல்லியிருந்தார். மெக்கானிக் வாரியக் கவலையில் அதை மறந்துவிட்டு வந்து நின்றார். "பரவாயில்லை," என்று சொல்லிவிட்டு மனைவி பழைய சோப்பின் தேய்ந்த துண்டுகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கட்டியாக்கினார்.

கதையைக் கேட்டு மனைவி முதலில் நம்பவில்லை. கடிதத்தைப் படித்ததும் நம்பினார். அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும் என்றதும் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தானே பயிற்சி கொடுப்பதாகச் சொன்னார்.

அவர் சர்வராக வந்து நின்றார். மெக்கானிக் அவரை அண்ணாந்து பார்த்து, "வாம்மா, நல்லா இருக்கியா?" என்றார்.

"போச்சு," என்றார் மனைவி.

மறுபடி. மனைவி தண்ணீரை மேசையில் கொட்டினார். மெக்கானிக்கின் கை தானாகத் துணியை எடுத்தது. மறுபடி. மனைவி கரண்டியைக் கீழே போட்டார். மெக்கானிக் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்; ஆனால் கால் போய்க் கரண்டியைத் தள்ளிக் கொடுத்தது. இப்படியே முக்கால் மணி நேரம். மெக்கானிக்கின் முதுகில் வியர்வை ஓடியது. மடித்த ஏப்ரன் ஒன்று தன் கைக்கு வருவதும், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் தான் தெருவில் நிற்பதும் கண்முன் வந்து வந்து போயின.

கடைசியில் மனைவிக்குக் கால் வலித்தது. போதும், பயிற்சி முடிந்தது, சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு இரவுச் சாப்பாட்டை எடுத்து வைத்தார்.

மெக்கானிக் பெருமூச்சு விட்டு, உதிரிபாகப் பட்டியல் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் டம்ளரை நீட்டினார். அது நிரம்பியது. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். அதில் சோறு விழுந்தது. உப்பு இல்லை என்றார், உப்பு வந்தது. மேசையில் குழம்பு சிந்தியது. அதைச் சுற்றிக்கொண்டு அவர் முழங்கை போய்வந்தது. சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, தட்டையும் டம்ளரையும் எலும்பையும் அப்படியே விட்டுவிட்டு, கை கழுவி, கதவில் தொங்கிய மனைவியின் துண்டில் துடைத்துக்கொண்டார்.

திரும்பினால், மனைவி மேசைக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"பாஸ்," என்றார்.

"என்ன பாஸ்?"

"நாளைக்கு இதையே செய்ங்க."

"எதை?"

"இப்ப செஞ்சீங்களே, இதை."

மெக்கானிக் மேசையைப் பார்த்தார். தட்டு இருந்தது, சிந்தியது இருந்தது, நாற்காலி இழுத்தபடி இருந்தது. அவருக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது மனைவி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தார்.

புதன்கிழமை ஒரு மணிக்கு ஹோட்டலில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. முதல் பார்வையாளர் நாற்காலி போதாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; கைகளைக் கவனிப்பது அவர் பொறுப்பு. இரண்டாமவர் வேலையில் புதிது, இன்னும் ஒல்லியாக இருந்தார், அவருக்குக் கண்கள். மூன்றாமவர் பூதக்கண்ணாடி வழியாக உதடுகளை மட்டும் பார்ப்பவர். நன்றியை முணுமுணுப்பாகக் கடத்துகிறவர்கள் உண்டாம். அதிகாரியும் வந்திருந்தார். மேசையில் வாரியத்தின் சொந்தக் கரண்டி வைக்கப்பட்டிருந்தது. தொட்டால் நழுவிக் கீழே விழும்படி அதற்குத் தனியாக மெருகு போட்டிருந்தார்கள்.

சர்வரம்மா இடுப்பில் கை வைக்காமல் நின்றார். ஏப்ரனின் முடிச்சு அன்றைக்கு இரட்டை முடிச்சாக இருந்தது.

மெக்கானிக் உதிரிபாகப் புத்தகத்தைப் பிரித்தார். இது என் வீடு, இது என் வீட்டு மேசை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வேறொன்றும் செய்யத் தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடப் பழக்கம், எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் இறங்கும் பெட்டி மாதிரி சத்தமில்லாமல் இறங்கி வந்தது. டம்ளர் நீண்டது, நிரம்பியது. தட்டு தள்ளப்பட்டது. கரண்டி நழுவி விழுந்து மூன்று முறை குதித்து அடங்கியது. மெக்கானிக்கின் இமைகூட அசையவில்லை. சர்வரம்மா குனிந்து எடுத்தார். இடுப்பில் ஏதோ சொடுக்கியது எல்லோருக்கும் கேட்டது. இரண்டாவது பார்வையாளர் ஆச்சரியத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

அடுத்து சூப். வாரியத்தின் உத்தரவுப்படி விளிம்புவரை ஊற்றி, கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவர வேண்டும். சர்வரம்மா கிண்ணத்தைத் தூக்கி வந்தார். மேசைக்கு ஒரு சாண் தூரத்தில் கிண்ணம் சாய்ந்து, சூப் அவருடைய மணிக்கட்டில் கொட்டியது. அவர் கத்தவில்லை. மூச்சை மட்டும் உள்ளே இழுத்தார். அந்தச் சத்தம் மெக்கானிக்கின் காதுக்கு மிகப் பக்கத்தில் கேட்டது. கண்ணை ஓர் அங்குலம் திருப்பினால் போதும், அந்தக் கையைப் பார்த்துவிடலாம்.

மூன்று பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

மெக்கானிக் பக்கத்தைப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் பக்கம். அவசரகால பிரேக்குகளும் அவற்றின் ஸ்பிரிங்குகளும். அதில் இருந்த படங்கள் ஒவ்வொன்றும் இன்றைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கின்றன.

"சூடு பத்தல," என்றார்.

எழுந்து கை கழுவி, சர்வரம்மாவின் தோளில் கிடந்த துணியை இழுத்துத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபோது முதல் கைத்தட்டல் கேட்டது. பெஞ்சில் இருந்தவர் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே தட்டினார். உதட்டுக்காரர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இருபத்தேழாம் விதியில் தேறிய முதல் சாப்பாடு இதுதான் என்று அதிகாரி அறிவித்தார். சர்வரம்மாவுக்கு ஆயிரம் மதிப்பெண்ணும் அங்கேயே திரும்ப எழுதப்பட்டது. அவர் தலையை ஆட்டிவிட்டுக் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அதிகாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டார். இப்படி ஒரு இயல்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றும், பயிற்சி எந்த நிறுவனத்தில் என்றும் கேட்டார்.

"வீட்லதான்," என்றார் மெக்கானிக்.

"வீட்ல யார் பரிமாறுவாங்க?"

"வீட்டுக்காரி."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு தடவையாவது நன்றி சொல்ல நேர்ந்திருக்கா? தட்டை எடுக்க? ஒரு உதவி?"

மெக்கானிக் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து ஒவ்வொரு வருடமாகத் தேடிக்கொண்டு வந்தார். சமையலறை விளக்கு மாற்றியது நினைவுக்கு வந்தது. அது எதிர்வீட்டுச் சமையலறை.

"இல்ல," என்றார்.

அதிகாரி அப்படியே எழுந்து நின்றுவிட்டார். பார்வையாளர்களும் எழுந்தார்கள், பெஞ்சில் இருந்தவருக்கு மற்ற இருவரும் கை கொடுத்தார்கள். இருபத்தாறு வருடத்தில் ஒரு துளிகூடக் கசியாத உபசரிப்பு. இப்படி ஒருவரைத்தான் வாரியம் தொடங்கிய நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்ததாம்.

மறுநாளிலிருந்து மெக்கானிக் வழக்கம்போலத் தூணை ஒட்டிய மேசையில் சாப்பிட்டார். சர்வரம்மாவின் மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அடுத்த மேசையில் யாரோ பருமனாக உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் மெக்கானிக் தண்ணீர் டம்ளரையும் டீ டம்ளரையும் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தனித்தனியாக வைத்துவிட்டு எழுந்தார். அதற்கு மதிப்பெண் கழிக்க வாரியத்தில் விதி எதுவும் இல்லை. சர்வரம்மா மட்டும் அந்த இடைவெளியை ஒரு கணம் பார்த்தார்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து இரண்டு பேர் துணிக்கடைக்கே போய், வாடிக்கையாளர்கள் நடுவில் மெக்கானிக்கின் மனைவிக்கு ஒரு சான்றிதழைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதலாளி கை தட்டினாராம். கூட வேலை பார்க்கும் பெண்கள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். மனைவி வீட்டுக்கு வந்து, ஆணி தேடி எடுத்து, தானே அதைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டினார். தங்க நிற எழுத்து. சாப்பாட்டு மேசையிலிருந்தே படிக்கலாம். "இருபத்தாறு ஆண்டுகள். ஒரு நன்றியும் பெறாத பெருமைக்குரியவர்."

அன்றைக்கு மெக்கானிக் புத்தகத்தைப் பிரிக்கவில்லை. சாப்பாடு வந்தது. டம்ளரை நீட்டப் போன கை பாதியில் நின்றது. அவரே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டார். குடம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு இடத்தில் தேடினார். மனைவி பார்த்துக்கொண்டிருந்தார், சொல்லவில்லை. மனைவியும் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறார் என்று மனைவிக்குப் புரியவில்லை.

பிறகு மெக்கானிக் எழுந்து தன் தட்டையும் மனைவியின் தட்டையும் கையில் எடுத்தார்.

"வைங்க," என்றார் மனைவி. "மார்க் போயிடும்."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று மெக்கானிக் தேடிப் பார்த்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தை எப்படிப் படிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தட்டை வைக்கவும் பயமாக இருந்தது, கொண்டுபோகவும் பயமாக இருந்தது. கொண்டுபோனார். தொட்டிக்கு ஆறு அடி. இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், கையோ இரண்டுதான்; பதற்றத்தில் ஒரு டம்ளருக்குள் இன்னொன்றைப் போட்டுவிட்டார். டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. இழுத்தார், வரவில்லை. திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

மனைவி வந்து அவர் கையிலிருந்து அதை வாங்கினார். குழாயைத் திறந்து அடியில் பிடித்துக்கொண்டார்.

"பரவாயில்லை," என்றார்.

போன வாரம் சோப்புக்கும் அதைத்தான் சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் எதற்கெல்லாம் சொன்னார் என்று மெக்கானிக் எண்ண ஆரம்பித்தார். ஒன்றுக்கு நான்கு. முப்பது வருடம் அந்தரத்தில் நின்றவர், தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.